மாப்பிள்ளை வாங்கித் தந்த வால்வுகள்

மீட்டர்காரர் (1946–2022). மின்சார அலுவலகத்தின் சார்பில் வீடு வீடாகச் சென்று மீட்டர் சோதித்து ஓய்வு பெற்றவர். மீட்டரின் முத்திரை அசைந்திருந்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அசையாமல் இருந்தால் இன்னும் கூர்ந்து பார்ப்பார். ஓய்வுக்குப் பின்னும் அந்தப் பார்வை அவரை விட்டு நீங்கவில்லை. அவர் முழுமனத்துடன் நம்பியவை இரண்டே: கூடத்து அலமாரியில் இருந்த, கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஓடும் பழைய பாட்டு ஆம்ப்ளிஃபயர், அதைக் கேட்கும் தம் காதுகள்.

அவருடைய எழுபதாம் பிறந்த நாளுக்கு மாப்பிள்ளை ஒரு செட் புதிய வால்வுகளும், பொன்முலாம் பூசிய ஃபியூஸ் ஒன்றும் வாங்கி வந்தார்.

“பழசையெல்லாம் கழட்டிட்டு இதைப் போடுங்க மாமா. பாடுறவங்களே பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.”

“வந்து உட்கார்ந்தா காபி கேப்பாங்களே!” என்றார் மீட்டர்காரரின் மனைவி.

பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து, ஒவ்வொரு வால்வாக மாற்றினார் மீட்டர்காரர். ஃபியூஸையும் மாற்றினார். பாட்டு ஒலித்தது. மாப்பிள்ளை கண்களை மூடித் தலையாட்டினார். மகளும், “நல்லா இருக்குப்பா” என்றாள்.

மீட்டர்காரருக்குத் துளி வேறுபாடும் புலப்படவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அந்த வாரம்தான் மகள் கேட்டிருந்தாள். காது டாக்டர், காதுக்கருவி என்ற பேச்சும் சமையலறையில் அடிபட்டது. ஆக, இது பரிசன்று, பரீட்சை. எல்லாரும் கூடிப் பேசி, அவர் காது போய்விட்டது என்று மெய்ப்பிக்கப் பார்க்கிறார்கள்!

மறுவாரம் அவரே சோதனையில் இறங்கினார். ஆம்ப்ளிஃபயருக்கு முன் போர்வையொன்றைத் தொங்கவிட்டு, மாப்பிள்ளையை இப்புறம் உட்கார வைத்தார். பழைய ஃபியூஸை மீண்டும் போடப்போவதாக அறிவித்துவிட்டு, ஃபியூஸ் மூடியைத் திருகும் ஓசை கேட்டபின் பாட்டைப் போட்டார்.

“ஐயோ மாமா, உயிரே போச்சு. பாடுறவங்க அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க.”

“மூடியைக் கழட்டி மாட்டினேன், அவ்வளவுதான். உங்க ஃபியூஸ்தான் அப்படியே உள்ள இருக்கு மாப்பிள்ளை.”

“கல்யாணப் போட்டோவுலகூட நீங்க இப்படி முழிக்கலையே!” என்று மாப்பிள்ளையிடம் சொன்னார் மீட்டர்காரரின் மனைவி.

வெற்றிக் களிப்புடன், செட்டில் உபரியாக வந்திருந்த வால்வையும் போட்டுப் பார்த்தார் மீட்டர்காரர். பாட்டு முன்போலவே இருந்தது. ஆனால் சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

“அப்பா, என்னது, கீச்சுன்னு?”

“புருஷனுக்கு வக்காலத்தா?”

“இல்லீங்க, ஊசி குத்துற மாதிரி கேக்குது” என்றார் மனைவி.

“நீயும் கட்சி மாறிட்டியா? மாப்பிள்ளை, உங்களுக்கு?”

“நான் இனிமே வாயே திறக்க மாட்டேன் மாமா.”

மீட்டர்காரர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரே நாடகத்தைத்தான் ஆளுக்கொரு பக்கமாக நடிக்கிறார்கள் என்ற முடிவுடன் திரும்பியவர், தரையில் பொம்மைகளோடு இருந்த பேத்தியைக் கண்டார். இன்னும் பேச்சு வராத குழந்தை. இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தாள்.

அவர் சுவிட்சை அணைத்தார். கைகள் இறங்கின. மீண்டும் போட்டார். வால்வுகள் சூடேறிப் பாட்டு எழுந்ததும் கைகள் மறுபடி காதுக்குப் போயின.

பழக்கத்தின் காரணமாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மகள் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசற்படியில் நின்றாள். யாரும் குழந்தைக்குச் சைகை காட்டவில்லை. காட்டினாலும் புரிந்துகொள்ளும் வயதன்று. அவர் பிளக்கைப் பிடுங்கினார். வால்வு ஆறியதும் துணியால் பிடித்து அதைக் கழற்றி வைத்தார்.

பின்பு, “அந்தக் காது டாக்டர் எந்தக் கிழமை இருப்பாரு?” என்று மகளிடம் கேட்டார்.

காதுக்கருவி வந்தது. அதைச் செய்தவர்கள் மீதும் அவருக்கு ஐயம் இருந்தது. எனவே வால்வு மாற்றும் நாளில் பேத்தி எதிரில் உட்கார வேண்டும் என்பது வீட்டு வழக்கமாயிற்று. அவர் கடைசியாக ஒரு வால்வை மாற்றியது 2022 ஜூன் 14 அன்று. “சரியா இருக்கு தாத்தா” என்று பேத்தி சொன்ன பிறகே ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைத் திருகினார்.