உப்புப் பூத்த சுவர்

எங்கள் வீட்டை விற்பதென்று முடிவானதும் முதலில் செய்த காரியம், வேலூரிலிருந்து மாமாவை வரவழைத்ததுதான். அம்மாவுக்கு அண்ணன். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். கோர்ட்டு வாசலில் தினமும் பொய்யும் மெய்யும் பார்க்கிறவர் என்பதால், வீடு விற்கிற சாமர்த்தியம் அவருக்குத்தான் உண்டு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

ஆம்பூரில் எங்கள் அப்பா ஆட்டுத்தோல் வியாபாரம் செய்துவந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி, உப்புப் போட்டு, வீட்டு முன்னறையில் தெருச்சுவரை ஒட்டி அடுக்கி வைப்பார். சேர்ந்ததும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வண்டியில் ஏற்றிவிடுவார். கப்பலில் தோல் போவது குறைந்து, ஷாப்புக்காரர்கள் கையை விரித்த வருஷம் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் நைனாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடுவதென்று ஏற்பாடு.

வீடு கெட்டியான வீடுதான். ஆனால் அந்தத் தெருச்சுவர் மட்டும் வருஷக்கணக்கில் தோலின் உப்பைக் குடித்திருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சில நாளில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அடியில் உப்பு பஞ்சு மாதிரிப் பூத்து நிற்கும். நானும் தம்பியும் அதைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொள்வோம்.

மாமா தெருவில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க வர்றவன் வாசல்லயே முடிவு பண்ணிடுவான் மாப்ள. உள்ள வர்றதெல்லாம் சும்மா பேச்சுக்கு. வாசல கவனி, போதும்" என்று நைனாவிடம் சொன்னார்.

அதன்பிறகு வாசல்தான் எங்கள் வீட்டில் எல்லாமுமாக இருந்தது. கதவுக்கு எண்ணெய் பூசினார்கள். சுவரின் அடியில் காவிப் பட்டை இழுத்தார்கள். பக்கத்து வீட்டு பாயம்மாவிடம் செவ்வந்திப் பூந்தொட்டிகளை இரவல் வாங்கி இரண்டு பக்கமும் வைத்தார்கள். சாம்பிராணி புகைந்துகொண்டே இருந்தது. தோல் நாற்றம் எங்கள் மூக்குக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகியிருந்ததால், அது போய்விட்டதா இல்லையா என்று சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. மாமாதான் மோந்து மோந்து பார்த்து, "கம்மியாய்டுச்சு" என்றார்.

வாங்க வருகிறவர் குடியாத்தத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மனைவியோடு சாயங்கால வண்டியில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று காலை பார்த்தால், புதிதாக அடித்த வெள்ளை மறுபடியும் கிளம்பியிருந்தது. அதுவும் கதவுக்குப் பக்கத்திலேயே. கூலியாள் கிடைக்கவில்லை. நைனா கிழிந்த வேட்டியைக் கச்சமாகக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஏணியில் ஏறித் தானே அடிக்க ஆரம்பித்தார். சலவைச் சட்டையும் அங்கவஸ்திரமும் உள்ளே கொடியில் காத்திருந்தன.

வாத்தியாரும் அவர் மனைவியும் மத்தியான வண்டியிலேயே வந்துவிட்டார்கள்.

வாசலில் மடிப்புக் கலையாத கோட்டுடன் மாமா நின்றார். ஏணி மேல் முகமெல்லாம் சுண்ணாம்புடன் நைனா. வாத்தியார் மாமாவைப் பார்த்துக் கும்பிட்டு, "வீட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டார்.

மாமா ஒரு கணம் ஏணியைப் பார்த்தார். நைனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"என் தங்கச்சி வீடு சார். எங்கப்பா அவளுக்குச் சீதனமாக் குடுத்தது. மச்சான் வெளியூர் போயிருக்காரு. வாங்க, உள்ள வாங்க."

வீடு அம்மா பேரில் இருந்தது மெய். மற்றதை நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். நைனா இறங்கி வந்து சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெள்ளையடிக்கிற நார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தார்.

வாத்தியார் வீட்டைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியோடு வெளியே வந்தார். மாமாவைத் தெருவில் விட்டுவிட்டு ஏணியருகே போய் நின்றார்.

"ஏம்பா, வீட்டுக்காரங்க நல்லதுதான் சொல்வாங்க. நீ நாலு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன். இந்தச் சுவரு உப்புப் பூக்குமா?"

மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது. நைனா அவரைப் பார்க்கவில்லை.

"பூக்காதுங்க."

"நீ சொன்னா சரி" என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி, "பாவம், வெயில்ல நிக்கிறான். அந்த ஆளுக்குக் கொஞ்சம் மோர் குடும்மா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா மோர்ச் செம்போடு வந்தாள். நைனா தினமும் குடிக்கிற பித்தளை டம்ளரும் கையில் இருந்தது. வாசற்படி வரை வந்தவள் மாமாவின் முகத்தைப் பார்த்து நின்றாள். பிறகு டம்ளரைப் படியில் வைத்துவிட்டாள். வெளியாளுக்கு டம்ளரில் கொடுக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

நைனா இறங்கி வந்து, குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். அம்மா மேலிருந்து ஊற்றினாள். பாதி மோர் அவர் முழங்கை வழியே வழிந்து, சுண்ணாம்போடு கலந்து தரையில் விழுந்தது. நைனாவைப் பார்க்கவும் முடியவில்லை, வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை.

அப்போது தத்தித் தத்தி நடந்துவந்த தம்பி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நைனா, தூக்கு" என்றான்.

"கொழந்த. ஆம்பளை யாரப் பாத்தாலும் இவனுக்கு நைனாதான்" என்று மாமா சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அம்மாவை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "போலாங்க, வெயில் கொளுத்துது" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

வீடு விலை போயிற்று. பத்திர ஆபீசுக்கு அம்மாவும் மாமாவும் போனார்கள். 'வெளியூர் போயிருந்த' நைனா வீட்டுக்குள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். சாவி கொடுக்கிற நாளன்றும் அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூலியாள் போலவே எங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவர்மேல் வைத்த பிரியம் என்று மாமா சொன்னார். நைனா ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மூட்டை தூக்கினார்.

வண்டி புறப்படும்போது வாத்தியார் அவரைக் கூப்பிட்டு, "வர்ற பொங்கலுக்கும் நீயே வந்து அடிச்சுக் குடுப்பா" என்றார்.

"வர்றேங்க" என்றார் நைனா.

பேச்சுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தோம். அரக்கோணத்தில் பொங்கல் நெருங்கியதும் நைனா கூட்ஸ் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு, மட்டையைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னாத்துக்குப் போற?" என்று அம்மா கேட்டாள்.

"சொவரு பூத்திருக்கும்" என்றார்.

உப்பைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்துவிட்டு, கூலி வாங்காமல் திரும்பி வந்தார். அடுத்த பொங்கலுக்கும் போனார். அதற்கடுத்ததற்கும். மாமா கேள்விப்பட்டு, "அதான் வித்தாச்சே, இன்னும் இன்னா பேஜாரு" என்று கோபித்துக்கொண்டார். ரயில்வே லயன் வீடுகளில் என்னோடு விளையாடும் பெண்கள், "உங்க நைனா எங்க?" என்று கேட்டால், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்வேன். இன்னொருவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? காது மடலில் காய்ந்த சுண்ணாம்போடு அவர் தெருவில் திரும்பி வரும்போது, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டுமே என்று எனக்குப் பதைப்பாக இருக்கும்.

கூலி வாங்காத ஆளுக்கு வாத்தியாரின் மனைவி ஒவ்வொரு வருஷமும் ஒரு துணி மூட்டை கொடுத்தனுப்புவாள். முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை, எனக்கு ஒரு பாவாடை, தம்பிக்கு ஒரு சட்டை. கூலிக்காரன் வீட்டுக்கென்று கொடுத்த துணியைப் போட மாட்டேன் என்று முரண்டு பிடிப்பேன். அம்மா அதையே கட்டிவிடுவாள். பாவாடை வருஷா வருஷம் என்னோடு வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு முறைகூட அளவு தப்பியதில்லை. வெள்ளையடிக்க வந்த யாரோ ஓர் ஆளின் பிள்ளைகளை அந்த அம்மாள் எப்போது பார்த்தாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.