இடது கையில் கட்டிய கயிறு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சங்கு குளிக்கத் தோணிக்குப் புறப்பட்டவன், வாசலிலேயே விழுந்தேன். இடது கையையும் காலையும் வாதம் இழுத்துவிட்டது. எங்கள் தூத்துக்குடிப் பேச்சில் ஒரு வம்பு உண்டு. ‘இழுத்துவிட்டது’ என்றால் வாதம். ‘இழுத்துக்கொண்டு கிடக்கிறான்’ என்றால் சாகக் கிடக்கிறான். பாதிப் பேர் அதைச் சொல்ல, மீதிப் பேர் இதைக் கேட்டுக்கொண்டார்கள். மெழுகுவர்த்தியோடு துக்கம் கேட்க வந்த ஒருவரிடம், “இன்னும் நேரமாகும், உட்காரும்” என்றேன். வாய் கோணியிருந்ததால் அவருக்குப் புரியவில்லை.

கையும் காலும் சும்மா கிடக்கக் கூடாது, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவரைப் பிடித்து நடப்பேன்; குசினிக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்து, அடுப்பருகில் உட்கார்ந்து அழுவேன். என் மனைவி சோற்றை வடித்தபடி பார்க்காததுபோல இருப்பாள். எழுந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

கடலில் நடக்கலாம், தண்ணீர் உடம்பைத் தாங்கும் என்றான் அவள் தம்பி. தோணியில் எனக்குக் கயிறு பிடித்தவன் அவன்தான். எங்கள் கடற்கரையில் குளிப்பவனின் கயிற்றை மச்சினனிடம்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராது என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டி இழுத்தால்தான் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். ஒருமுறை நான் இழுக்குமுன்பே தூக்கிவிட்டான். கைக்கெட்டிய சங்கு போயிற்று. எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தேன். அதற்குப் பிறகு அவன் அவசரப்பட்டதே இல்லை.

இப்போது அந்தக் கயிற்றை என் செத்த இடது கையில் சுற்றிக் கட்டினான்.

“நல்ல கையில கட்டுனா என்னலே?”

“நல்ல கை சொல்லாமலே வேல செய்யுதுல்லா, மச்சான்.”

வலது கையால் கம்பை ஊன்றி நெஞ்சளவு நீரில் நடப்பேன். அவன் கரையோரம் கயிற்றைப் பிடித்து நிற்பான். தினமும் இதே கூத்து. காலுக்குக் கொஞ்சம் பலம் வந்தது, மனசுக்கு வரவில்லை.

ஒருநாள் காலையில் கம்பு நழுவி மூழ்கினேன். எழ முயன்றிருக்கலாம். முயலவில்லை. அடியில் அந்தப் பழைய அமைதி. யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாத இடம். இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவு அலுத்திருந்தேன். வலது கையால் கயிற்றைத் தொடவில்லை, அடிமணலைப் பற்றிக்கொண்டேன்.

சட்டென்று மேலே வந்தேன். அவன் என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தான். இருமி முடித்ததும் கத்தினேன்.

“ஏலே, நான் இழுக்கலையே, எதுக்குத் தூக்குன?”

“இழுத்திய.”

“அலையா இருக்கும்.”

“அலை இழுக்குறதும் நீங்க இழுக்குறதும் எனக்குத் தெரியாதா, மச்சான்? இத்தன வருசமா பிடிக்கேன்.”

இடது கையைப் பார்த்தேன். வழக்கம்போல மணலில் கிடந்தது. பொய் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தைக் காட்டாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் வந்தபோது, வலது கையால் இடது கையைத் தூக்கி நானே நீட்டினேன். கயிற்றைக் கட்டினான். முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் வாய் திறந்தான்.

“நேத்து ரொம்ப மெதுவா இழுத்துட்டிய, மச்சான். இன்னைக்குக் கொஞ்சம் பலமா இழுங்க.”