ஒத்துப்போன கணக்கு

கணினித் திரையில் இருந்த படத்தின் ஒரு பக்கத்தை அக்கா உள்ளங்கையால் மறைத்துக் காட்டிய அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 2010-ஐ ஒட்டிய காலம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் ஆய்வு மாணவர்கள். எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்பேன். அவர் தக்கலைக்காரர், என் ஊர் கடற்கரையோர இனயம். வெளிநாட்டில் ஒரு பெரிய கருவிக்குள் புரோட்டான்கள் மோதும்போது டபிள்யூ துகள் எத்தனை தடவை பிறக்கிறது என்று, இணையத்தில் வரும் தரவை வைத்துக் கணக்கிடுவது எங்கள் வேலை.

டபிள்யூவை யாரும் நேரில் பார்ப்பதில்லை. பிறந்த கணமே சிதைந்து, சில நேரம் ஓர் எலக்ட்ரானையும் ஒரு நியூட்ரினோவையும் விட்டுவிட்டுப் போய்விடும். எலக்ட்ரான் கருவியில் பதியும், நியூட்ரினோ சிக்காது. பதிந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் நியூட்ரினோ போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

எங்கள் எண்ணிக்கை கோட்பாட்டின் கணிப்போடு அச்சு அசலாக ஒத்துப்போனது. எங்களை வழிநடத்திய பேராசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார். அக்கா மட்டும் திசை திசையாகப் பிரித்துப் பார்த்தார். நியூட்ரினோக்கள் புரோட்டான் கற்றையைச் சுற்றி எல்லாத் திசையிலும் சமமாகப் போக வேண்டும். எங்களுடையவை ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன. "இதெல்லாம் நியூட்ரினோ இல்ல மக்கா. அந்தப் பக்கத்துக் கருவி செத்துக் கெடக்கு. அங்க போன ஆற்றல் பதியாததுனால நமக்கு அப்படித் தெரியுதாக்கும்" என்றார். குவிந்திருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக் காட்டினார். அந்தப் போலிகளைக் கழித்தால் எண்ணிக்கை சரிந்தது. இன்னொரு பக்கம் நல்ல டபிள்யூக்களையே நாங்கள் கெடுபிடியாக வடிகட்டித் தள்ளியிருந்தோம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்திருந்தது. விடை சரியென்றால் வந்த வழியை யாரும் கிளறுவதில்லை. எங்கள் தொழிலின் சாபக்கேடு அது.

"ஒத்துப்போன கணக்க எதுக்குப் போட்டு நோண்டுதே? முடிவச் சொல்லுத கூட்டம் அடுத்த வாரமாக்கும்" என்று பேராசிரியர் சீறினார்.

"தப்புன்னு தெரிஞ்ச பொறவு எப்படி சார் சும்மா இருக்க?" என்றார் அக்கா.

அன்றோடு பேராசிரியர் அக்காவை அந்த வேலையிலிருந்து விலக்கினார். ஆய்வுக்காலத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட மறுத்தார். அத்தனை வருட உழைப்பும் மண்ணாகி, பட்டமில்லாமல் அக்கா வெளியேறினார். கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே குவியலைப் பற்றிக் கேட்டபோது, பேராசிரியர் கொஞ்சமும் கூசாமல் அக்காவின் படங்களை எடுத்துப் போட்டு, "இதை நாங்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டோம்" என்றார். இணையவழியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள்.

சில வருடங்கள் கழித்துப் பேராசிரியருக்கு நாகர்கோவிலில் பாராட்டு விழா. அக்கா அப்போது குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளை வேனில் அழைத்து வந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேடையில் பேராசிரியர் அந்தக் கதையையே சொன்னார். "விடை ஒத்துப்போச்சுன்னு எல்லாரும் லட்டு தின்னாங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பல. பிள்ளைகளே, விடை சரியா வந்தாலும் வந்த வழியைச் சந்தேகப்படணும்!" அரங்கம் அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த மாணவி திரும்பி, "மிஸ், நீங்க இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் பண்ணிருக்கியளா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் போனேன் மக்களே" என்றார் அக்கா.

நான் கைதட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கையத் தட்டு மக்கா, பிள்ளைய பாக்குதுவ. அவரு சொன்னது சரிதானே."