திண்டிவனத்துப் பர்னஸில் நல்ல நம்பர்

பர்னஸ் என்கிற உலைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரை விற்று மாட்டுவது என் பிழைப்பு. எண் குறைந்தால் பர்னஸின் பெருமை, ஏறினால் மீட்டரின் குற்றம். எதையாவது அளக்கும் கருவியை மாட்டிவிட்டு ஏச்சு வாங்கும் கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இருபது காட்டியது

திண்டிவனத்துக்கு வெளியே முருகேசன் ஒரு ஷெட் போட்டிருந்தார். இருந்த நிலத்தையெல்லாம் விற்றுப் போட்டது. இரும்புக் கம்பிச் சுருளைப் பர்னஸில் பழுக்கக் காய்ச்சி, பளபளவென்று வெளியே எடுக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் கம்பி கறுத்துவிடும். அதனால் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை விரட்டுவார்கள்.

மாட்டுவதற்கு முன் மீட்டரை வெளியிலேயே ஓடவிட்டேன். சாதாரணக் காற்றில் காட்ட வேண்டிய இருபது புள்ளி ஒன்பதைக் காட்டியது. முருகேசன் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னும் உள்ளயே உடல, அதுக்குள்ள இருபது காட்டுதே. டூப்ளிகேட்டா சார் இது?"

சிவப்பு விளக்கு

முதல் மாதமே ஆக்சிஜன் ஏறிவிட்டதென்று மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, கம்பி கறுத்தது. இன்னொரு முறை கறுத்தால் ஆர்டர் கிடையாது என்று கம்பி வாங்கும் கம்பெனி சொல்லிவிட்டது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான். பர்னஸ் கதவைச் சுற்றியுள்ள சீல் பிய்ந்து காற்று நுழைகிறது, மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவரோ ஆபரேட்டர் ஏழுமலையைக் கூப்பிட்டு, இனிமேல் நம்பர் ஏறினால் வேலை போய்விடும் என்று மிரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கதவு நல்லாத்தான் இருக்குது சார். உங்க மீட்டர மாட்டுன அப்புறந்தான் இந்தப் பேஜாரே."

வாட்ஸப் படங்கள்

அதன் பிறகு முருகேசன் தினமும் மீட்டரைப் படமெடுத்து அனுப்பினார். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. கதவின் சீலை மாற்றிவிட்டார் போல என்று விழுப்புரத்தில் உட்கார்ந்து நானும் பூரித்துப்போனேன். அப்புறம் ஒரு நாள் காலையில் போன். மொத்தச் சுருளும் கரிக்கட்டை.

பர்னஸ் ஆறியதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நைட்ரஜன் குழாயை வளைத்து மீட்டரின் சென்சாருக்கு நேராக நிறுத்தியிருந்தது. சென்சார் நைட்ரஜனில் சொகுசாக இருந்திருக்கிறது, கம்பி காற்றில் வெந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழுமலை எதையும் மறைக்கவில்லை.

"மொதலாளி நம்பரப் பாத்துத்தான் சார் திட்டுவாரு. கம்பியப் பாத்து ஒரு நாளும் திட்னதில்ல."

கழற்றப் போனது

ஆர்டர் போய்விட்டது. மீட்டரைக் கழற்ற முருகேசன் என்னைக் கூப்பிட்டார். ஏழுமலையை அடித்து விரட்டியிருப்பார் என்று நினைத்துப் போனால், இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. முருகேசன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அவன் மேல இன்னா சார் தப்பு? நான் நம்பரக் கேட்டேன், குட்த்தான். கம்பியக் கேட்டிருந்தா கம்பியக் குட்த்திருப்பான்."

இனி நம்பரைப் பெரிதாக நினைக்காதீர்கள் என்று சொல்லித்தான் மீட்டர் விற்பது என்று முடிவு செய்திருக்கிறேன், ஆனால் விற்பதற்கு என்னிடம் நம்பரைத் தவிர வேறொன்றும் இல்லை.