மணிமுத்துவின் வண்டியில் ஓடாத பாட்டு

தென்காசிக்கும் அச்சன்புதூருக்கும் நடுவே மினி பஸ் ஓட்டும் மணிமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. அந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். காலை ஆறு மணிக்கு அதில் அவர் ஒரே வரி போடுவார்: 'இப்ப என்ன கேக்கிய?' அந்த நேரத்தில் யார் எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ அதை அனுப்ப வேண்டும். நல்ல பாட்டு, கெட்ட பாட்டு என்றெல்லாம் கிடையாது. வந்தவற்றில் ஏழெட்டை எடுத்து, நடைக்கு ஒன்றிரண்டாகப் போடுவார். கண்டக்டர் பீர் மைதீன் டிக்கெட் கிழித்தபடியே இது யாருடைய பாட்டு என்று அறிவிப்பார்.

அப்படித்தான் எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். கணக்கு டீச்சர் ஹஸீபா காலங்காத்தாலே குத்துப் பாட்டு கேட்பார். முட்டைக் கடை தங்கசாமி ஒரே சோகப் பாட்டை வாரம் முழுக்க அனுப்பினால், வீட்டில் சண்டை என்று வண்டி புரிந்துகொள்ளும். நான் ஒரு முறை ஆங்கிலப் பாட்டு அனுப்பினேன். பின் சீட்டில் பூக்கூடையோடு இருந்த ஆவுடைத்தாய், "இதுக்கு நம்ம ஹாரனையே அமுக்கிக்கிட்டு வரலாம் மணி" என்றாள். வண்டியே சிரித்தது. ஆனாலும் பாட்டு முடியும்வரை ஓடியது.

ஒரு வகைப் பாட்டு மட்டும் ஓடாது. எங்கள் ஆள், எங்கள் அருவா, எங்கள் ரத்தம் என்று சாதிப் பெருமை பேசும் பாட்டு, எந்தச் சாதியுடையதானாலும் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. முதல் சீட்டில் வரும் செல்லச்சாமியின் வலது கையைப் பார்த்தால் போதும். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. மற்ற மூன்றையும் வெட்டியவர் மணிமுத்து.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கோயில் கொடைத் திருவிழாவில் மேலத்தெருக்காரர்கள் தங்கள் சாதிப் பாட்டை மூன்றாவது தடவையாகப் போட வைத்தார்கள். கீழத்தெருப் பையன்கள் அருவாளோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் மணிமுத்து. செல்லச்சாமி மைக் செட்காரர். போடச் சொன்னார்கள், போட்டார். அந்தப் பாட்டை அவர் கவனித்துக் கேட்கக்கூட இல்லை. கூட்டம் வருவதைப் பார்த்து, கேசட்டை நிறுத்தத்தான் கையை நீட்டினார். வெட்டு அந்தக் கையில் விழுந்தது. ரத்தம் ஆம்ப்ளிஃபயருக்குள் இறங்கிப் புகைந்தது. அப்போதும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு நிற்கவில்லை என்பார்கள். மணிமுத்து பாளையங்கோட்டைச் சிறையில் ஐந்து வருடம் இருந்தார்.

செல்லச்சாமி குழுவில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவர் அனுப்பிய முதல் பாட்டை மணிமுத்து போட்டார், பீர் மைதீன் பெயரைச் சொன்னார். இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

போன ஆனி மாதம், மணிமுத்துவின் தெருவைச் சேர்ந்த சந்தோஷ்குமார் குழுவுக்கு ஒரு பாட்டு அனுப்பினான். பாட்டுக்கு நடுவே அருவாள் தீட்டும் சத்தம் வரும். நான்கு நாள் அனுப்பியும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் காலை, இரண்டாம் நடையில், இரண்டு கூட்டாளிகளோடு ஏறி டிரைவர் சீட்டருகே நின்றான்.

"நம்ம பாட்டு ஓடாதோ மாமா?"

"ஓடாதுலே."

"ஏன், எல்லாவனும் கேக்குத பாட்டைத்தான அனுப்புதான்? நானும் அதைத்தான் கேக்கேன்."

"நீ கேக்கதுக்கா அனுப்புத? அடுத்தவன் காதுல குத்ததுக்கு அனுப்புத. போய் உக்காரு."

சந்தோஷ்குமார் செல்லச்சாமியைத் திரும்பிப் பார்த்தான். இந்த மொட்டைக் கைக்குப் பயந்துதானே என்று கேட்டபடி பென் டிரைவை உருவி, தன்னுடையதைச் சொருகினான். பாட்டு தொடங்கியது. மணிமுத்து வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்பீக்கர் வயரைக் கையில் சுற்றி இழுத்து அறுத்தார்.

சட்டையைப் பிடித்து அவரைக் கீழே இழுத்தார்கள். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த வீல் ஸ்பேனரை ஒருவன் எடுத்துக் கொடுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் தாடை உடைந்த சத்தம் வண்டிக்குள் இருந்த எங்களுக்குக் கேட்டது. தடுக்கப் போன பீர் மைதீனுக்கு நெற்றி பிளந்தது. மணிமுத்து விழுந்த பிறகும் அடித்தார்கள். அவர் ஒரு முறைகூடக் கையை ஓங்கவில்லை. தலையை மட்டும் மறைத்துக்கொண்டார். பற்கள் இரண்டு தார் ரோட்டில் சாரலில் நனைந்து கிடந்தன. அவர்கள் ஓடிப் போனதும் முதலில் இறங்கியவர் செல்லச்சாமி. துண்டை அவிழ்த்து, தொங்கிய தாடையைத் தூக்கிக் கட்டினார். அந்த இரண்டு விரலால் முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆட்டோவில் தென்காசி போய்ச் சேரும்வரை மணிமுத்துவின் தலையை மடியிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டி, வாயைத் திறக்க முடியாமல் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ராவில் உறிஞ்சினார். இதற்கு மேல் நடந்ததெல்லாம் அவருடைய மனைவி ஆனந்தவள்ளி சொன்னது.

கைதாகியிருந்த சந்தோஷ்குமாருக்கு மூன்று வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. அடுத்த ஞாயிறு காலை, மணிமுத்துவின் மகன் சுபாஷுக்கு அவனுடைய கூட்டாளி ஒருவன் போன் செய்தான். சந்தோஷ்குமார் ஐந்தருவியில் குளிக்க வந்திருக்கிறான், இடுப்பில் துண்டைத் தவிர ஒன்றும் இல்லை என்றான். சுபாஷுக்கும் பத்தொன்பது வயதுதான். பரணிலிருந்து அருவாளை எடுத்து, நாளிதழில் சுற்றி, சட்டைக்குள் முதுகில் சொருகிக்கொண்டான். ஆனந்தவள்ளி காலைப் பிடித்தாள். உதறிவிட்டான்.

மணிமுத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பேச முடியாது. கம்பிக்குள்ளிருந்து முனகல்தான் வந்தது. மகனின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"உம்மள மாதிரி அடி வாங்கிட்டு வந்து கஞ்சி குடிக்கச் சொல்லுதீரா?" என்றான் சுபாஷ். அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவர் சுவரில் மோதி உட்கார்ந்தார். தாடைக் கட்டிலிருந்து ரத்தம் கசிந்தது. அவன் பைக் சாவியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான்.

சுவரோரம் அவனுடைய கிரிக்கெட் மட்டை சாய்ந்திருந்தது. மணிமுத்து எழுந்து, அதை இரண்டு கையாலும் தூக்கி, சாவியை நோக்கி நீண்ட வலது முன்கையில் இறக்கினார். முதல் அடியில் சாவி விழுந்தது. அவன் இடது கையை முதுகுப் பக்கம் அருவாளுக்குக் கொண்டுபோனான். அதே வலது கையில் மறுபடி அடித்தார். இந்த முறை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. சுபாஷ் தரையில் சுருண்டான். மணிமுத்து அருவாளை உருவிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து, மகனைத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்.

அரசு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, அடித்தது யார் என்று கேட்டார். சுபாஷ் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னான்.

"படியில விழுந்தா ஒரு கையில ரெண்டு இடம் ஒடியுமாலே? ஆளைச் சொல்லு."

மணிமுத்து கையைத் தூக்கினார். அவர் ஏதோ கேட்க வருகிறார் என்று நினைத்து, கொஞ்சம் பொறும் அண்ணாச்சி என்றார் போலீஸ்காரர். தூக்கிய கை இறங்கவில்லை. பிறகு மணிமுத்துவே பேனாவை வாங்கி, நான்தான் அடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பெத்த பிள்ளைய எதுக்குவே இப்படி அடிச்சீரு?"

காரணத்தை எழுதினால் அருவாளையும் எழுத வேண்டும். மணிமுத்து பேனாவை மூடி, போலீஸ்காரரின் சட்டைப் பையிலேயே சொருகினார்.