தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இந்த மலாய் நாட்டில் அரிசி உண்டு, தவிடு கிடையாது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. பெக்கோக்குக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கடைக்கு அரிசி ரங்கூன் மூட்டையில் வருகிறது. உமியும் தவிடும் எங்கே கழன்றுபோயினவோ, வெள்ளை வெளேரென்று வந்து இறங்குகிறது. நெல் என்று ஒன்றைப் பார்த்தே பல வருஷமாயிற்று. திரும்பின பக்கமெல்லாம் ரப்பர் மரம். கப்பலேறும்போது நான் எதற்கெல்லாமோ கவலைப்பட்டேன். புலி, பாம்பு, மழை, திரும்பி வரக் கப்பல் இருக்குமா என்பது வரைக்கும் விடவில்லை. தவிடு இல்லாத ஊருக்குப் போகிறோமே என்று மட்டும் கவலைப்படாமல் இருந்துவிட்டேன். எதை விட்டேனோ அதுதான் வந்து நின்றது.

எங்களுக்கு முதலில் பிறந்தவள் ராஜாம்பாள். அடுத்தவன் செல்வராசு. இருவருமே காய்ச்சலில் போனார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து அறைகளுக்குப் பின்னால், இன்னும் பால் வெட்ட ஆரம்பிக்காத இளமரங்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது என் மனைவி அஞ்சலை பிள்ளையின் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அழகழகாப் பேரு வெச்சுக் கூப்பிட்டுக் கூப்பிட்டே காட்டிக் குடுத்துட்டோங்க. இதைத் தவிட்டுக்கு வாங்கிரலாம்."

இங்கேயே பிறந்து வளர்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் துறையூர்ப் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெற்றவள் பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிடுவாள். அந்த இன்னொருத்தி ஒரு பிள்ளையையும் சாகக் கொடுத்திருக்கக் கூடாது. பிறகு அப்பன் போய், யார் வீட்டுப் பிள்ளையையோ விலை கேட்பதுபோலக் கேட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிவருவான். ஆணானால் தவிடன், பெண்ணானால் தவிட்டம்மாள். உயிரெடுக்கத் தேடி வருகிறவன், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலையும் வெறும் தவிடு என்று அலட்சியமாகப் போய்விடுவான். எங்கள் தெருவில் ஒரு தவிட்டம்மாள் இருந்தாள். நான் பார்க்கும்போதே அவளுக்குப் பல் ஒன்றுமில்லை, அத்தனை வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இப்போது ஊரிலேயே அந்தப் பெயர் வைப்பாரில்லை என்று கேள்வி.

தவிடு ஒரு கவலை என்றால், கொடுக்க ஒரு பெண் வேண்டுமே என்பது அடுத்த கவலை. லயத்தில் வீடு வீடாக மனதுக்குள் போய் வந்தேன். ஒரு வீடும் தேறவில்லை. எல்லோருக்கும் இளமரங்களுக்கு நடுவில் யாராவது இருந்தார்கள்.

தோட்டத்து எல்லையில் ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம் பன்றி வளர்த்து, கீரை போட்டுப் பிழைக்கிறது. அந்த வீட்டு அம்மாளை நாங்கள் ஆசோ என்போம். பன்றிக்குத் தவிடு வைப்பார்களே என்று அஞ்சலைக்குத்தான் தோன்றியது. நான் போய், எனக்குத் தெரிந்த மலாயில் டெடாக், டெடாக் என்றேன். தவிட்டுக்கு இங்கே அதுதான் பேச்சு.

"லு பியாரா பாபி?" என்றாள் ஆசோ. நீ பன்றி வளர்க்கிறாயா என்று கேட்கிறாள்.

இல்லை, குழந்தைக்கு என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய், இரண்டு முட்டையும் ஒரு மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தமிழர்கள் பிள்ளைக்குத் தவிட்டைத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அதைத் திருத்த என்னிடம் மலாய் போதவில்லை. முட்டையோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் அஞ்சலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு அங்கே வந்தாள். இளமரங்கள் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். இரண்டு விரலை நீட்டினாள், மடக்கினாள். பிள்ளையைக் காட்டினாள். ஆசோவுக்கு விளங்கிவிட்டது. தன் கடைசிப் பையனைப் பிடித்து இழுத்து, அவன் தலையில் தட்டி, "நாமா பாபி" என்றாள். அவன் பெயரே பன்றியாம். அவளுக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் வாய்க்காலில் குதித்துக்கொண்டிருந்தன. கடல் தாண்டி வந்த இடத்தில், தேடி வருகிறவனை ஏமாற்ற இதே வழியைத்தான் இவர்களும் வைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் ஒரே வழியில் ஏமாற்றினால் அவனுக்குத் தெரிந்துபோகாதா என்று அப்போதே எனக்கு ஒரு கவலை வந்தது. அஞ்சலையிடம் சொல்லவில்லை.

பன்றித் தொட்டிக்குப் பக்கத்து மூட்டையிலிருந்து ஆசோவே ஒரு முறம் தவிடு அள்ளிக் கொடுத்தாள். அஞ்சலை பிள்ளையை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் முறத்தை நீட்டி, பிள்ளை விலைக்கு வருமா என்று கேட்டேன். ஆசோ முறத்துக்குள் எட்டிப் பார்த்து, "குராங்!" என்றாள். காணாதாம். மூட்டையிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அப்புறம்தான் சிரித்தபடி, பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள்.

தோட்டத்தில் பிறப்பு இறப்பு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். தவிட்டம்மாள் என்று பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பேரடாப்பா இது? எழுதிற என்ர கைக்கே வெக்கமாக் கிடக்குது. லீலாவதி எண்டு வையன், வடிவான பேர்."

"வடிவா இருந்தாத்தாங்கய்யா வம்பு" என்றேன். பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். வேலைக்காட்டில் கூட வேலை செய்கிற மாணிக்கம் விடவில்லை. "ஏம்ப்பா, தவிடு பொறந்தாச்சு. புண்ணாக்கு எப்ப?" கேலி நல்லதுதான். ஊரே கேலி செய்கிற பிள்ளைமேல் எவன் கண் வைப்பான்?

ரப்பர் தகடுகளைப் புகைவீட்டில் தொங்கவிடுவது என் வேலை. கண் எரியும், வாயைத் திறக்க முடியாது. கவலைப்படத் தோதான இடம். அங்கேதான் எனக்கு ஒன்று இடித்தது. நான் விலையாகக் கொடுத்த தவிடு யாருடையது? ஆசோவினுடையது. அவள் தவிட்டையே அவளிடம் கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கி வந்திருக்கிறேன். துறையூர்ச் சந்தையில் ஒருவன் இப்படி மாடு வாங்கினால் கட்டி வைத்து உதைப்பார்கள். வாங்கினது செல்லாது. செல்லாதென்றால் பிள்ளை இன்னும் அவளுடையது.

அஞ்சலையிடம் சொன்னேன். "உங்களுக்குக் கவலைப்பட ஒண்ணும் கிடைக்கலியாக்கும்" என்றாள். ஆனால் ஊருக்கு ஆள் எடுக்கப் போன கங்காணியிடம், வரும்போது எங்கள் வீட்டிலிருந்து ஒரு படி தவிடு வாங்கிவரும்படி கெஞ்சிச் சொல்லி அனுப்பினேன். முறையாக இன்னொரு தரம் வாங்கிவிடுவது என்று முடிவு.

அதற்குள் ஆசோ பிள்ளையைப் பார்க்க வர ஆரம்பித்தாள். முட்டை வந்தது. அவர்கள் வருஷப் பிறப்புக்குச் சிவப்புச் சட்டை வந்தது. தூக்கி வைத்துக்கொண்டு லயம் முழுவதும் நடந்து "அனாக் குவா" என்பாள். என் பிள்ளை என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மழைக்காலம் காய்ச்சல் விழாத அறை இல்லை. மற்ற இரண்டுக்கும் எப்படி வந்ததோ அப்படியே இவளுக்கும் வந்தது. உடம்பு கொதித்தது, கண் செருகியது. அஞ்சலை மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆசோ எதையோ கசக்கிப் பிழிந்து வாயில் ஊற்றிவிட்டு மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காய்ச்சல், வீடு மாறி வந்துவிட்டவன் போல, இறங்கிப் போய்விட்டது.

மழை விட்டதும் கங்காணி வந்து சேர்ந்தார். "இந்தாய்யா உன் தவிடு. கப்பல்ல அம்புட்டுப் பேரும் என்னைய மாட்டு வைத்தியன்னு நெனச்சுட்டானுங்க." அவிழ்த்து மோந்து பார்த்தேன். கொஞ்சம் காறல்வாடை. ஆனாலும் எங்கள் காட்டு நெல்லின் தவிடு. மறுநாள் காலை முறத்தில் கொட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அஞ்சலை.

"முறையா வாங்கிட்டு வந்துர்றேன். அப்பத்தான் நம்ம புள்ளை."

அவள் சோற்றுப் பானையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "நம்ம புள்ளையா இருந்ததுக ரெண்டும் எங்க கெடக்குது?"

வாய்க்கால் வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் ஆசோ பன்றிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து எம்பினாள். ஆசோ என் முறத்தைப் பார்த்தாள். "லு பியாரா பாபி?" என்றாள் மறுபடியும். இல்லை என்று தலையாட்டினேன். பிள்ளையோடும் தவிட்டோடும் திரும்பி வந்தேன்.

அதைத் துணியில் முடிந்து உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. என்றைக்காவது நாங்கள் ஊருக்குக் கப்பலேறினால், அடுத்தவள் பிள்ளையைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா? அன்று விலை கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் தவிட்டம்மாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. இந்தப் பக்கம் சோறு தின்கிறாள், அவ்வளவுதான். இப்போது நன்றாக ஓடுகிறாள், இரண்டு பாஷையில் திட்டுகிறாள்.

போன மாதம் மூட்டையை இறக்கிப் பார்த்தேன். வண்டு விழுந்து பாதியாகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தேன். கப்பலேறுவதற்குள் விலை இன்னும் குறைந்துவிடுமோ என்று ஒரு கவலை. தவிட்டம்மாள் வந்து எதிரே குந்தினாள்.

"பன்னிக்காப்பா?"

"இல்ல. ஒனக்கு."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆசோ முதல் நாள் பார்த்த அதே பார்வை. பிறகு எழுந்து, யாரிடமாவது முட்டை வாங்கிவரப் போகிறவள் போல, வாய்க்காலைப் பார்த்து ஓடினாள்.