‘வூ’வை ‘வீ’ ஆக்கியவள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து பதினேழுக்கு என் மானம் கப்பலேறியது. கடலே இல்லாத ஜவ்வாது மலையில் கப்பல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஏறியது. நானே டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டேன்.

இடம், ஜமுனாமரத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். வட்டார வரலாற்றிலும் வம்ச வரலாற்றிலும் ஆர்வமுள்ளவர்கள் ஒருநாள் கூடிப் பேசும் நிகழ்ச்சி. மேசை மேசையாகப் பழைய ஆவணங்கள். நடுவே நான், கையில் பேப்பர் கப்பில் காபி, முகத்தில் பெருமை. பின்னால் சுவர் முழுக்க என் மகள் வரைந்த எங்கள் குடும்ப மரம், பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸில்.

நில ஆவண மேசையில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வி.ஏ.ஓ. மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க.”

இப்படி ஆரம்பிக்கிற எதையாவது நாம் சரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோமா?

“உங்க கொள்ளுத்தாத்தா ரொம்ப வெளிப்படையான ஆளுங்களா?”

“ஆமாங்க. மனசுல எதையும் வச்சுக்க மாட்டாருன்னு அப்பா சொல்லுவார்.”

“அதுக்காக... பத்துக்கு ஆறுல போடணுங்களா?”

திரும்பிப் பார்த்தேன். நேற்றுவரை நூறு முறை பார்த்த படம்தான். உச்சியில் கொள்ளுத்தாத்தா வெள்ளையன். கீழே இரண்டு கிளைகள். இடது பக்கம் கொட்டை எழுத்தில் ‘பெரிய வீடு’. வலது பக்கம் அதே கொட்டை எழுத்தில் ‘சின்ன வீடு’. எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு: ‘எங்கள் பெரிய வீடும் சின்ன வீடும் – ஒரு தேடல்.’

காபி கப் கையிலிருந்து நழுவியது. நேரம் பத்து பதினேழு. சுவரில் கடிகாரம் நேர் எதிரே இருந்ததால் தெரியும்.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் வீடு கிடையாது, வூடுதான். அதிலும் வூடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமில்லை, வம்சத்தின் கிளையும்கூட. அண்ணன் வழி வந்தவர்கள் பெரிய வூடு. தம்பி வழி வந்தவர்கள் சின்ன வூடு. அவ்வளவுதான் விஷயம், சுத்த சைவம். ஆனால் அந்த ‘வூ’வை ‘வீ’ ஆக்கி சுவரில் மாட்டிப் பாருங்கள்... கொள்ளுத்தாத்தா டார்ச் அடித்துக்கொண்டு தினம் எங்கே போனார் என்று ஊரே விசாரிக்கும்.

யார் ஆக்கியது? வேறு யார். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுத்துப் பிழை பற்றி வகுப்பு எடுக்கிற நான்தான்.

என் மகள் கயல் ‘வூடு’ என்றுதான் எழுதியிருந்தாள். போளூர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர், அச்சிடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெங்களூரில் வேலை பார்த்த பெண்ணுக்குத் தமிழ் மறந்துவிட்டதே என்று உச்சுக் கொட்டிக்கொண்டே ஒன்பது இடத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். “எல்லா எடத்துலயும் வீடுதானா மேடம்?” என்று கேட்டார். “ஆம். ஒன்பது இடத்திலும். பிழையோடு அச்சிட வேண்டாம்” என்று பதில் போட்டேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பினார். மரியாதைக்குச் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் ஒரு கைகூப்பு அனுப்பினேன்.

இதோ, இதை எழுதும்போதுகூட ஒவ்வொரு ‘வீ’யையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

வெறும் கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. கேலிக்கு நான் புதுசா? விஷயம் கயல்.

ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பாள். சாப்பாடு பாதி, பேச்சு கால்வாசி. மகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும், பூட்டிய அறைக்கு வெளியே நின்றுகொண்டு ‘தோசை வேணுமா’ என்று கேட்பது எத்தனை பெரிய கேள்வி என்று. ஒருநாள் என் அப்பாவின் டிரங்க் பெட்டியைத் திறந்து பார்த்தவள், அங்கிருந்து எங்கள் வம்சத்தைத் தேடத் தொடங்கினாள்.

எங்கள் தாத்தா இந்த மலைக்காரர். வேலை கிடைத்து போளூருக்கு இறங்கினார். அவருடைய உடன்பிறப்பு மலையிலேயே சாமை விதைத்துக்கொண்டு தங்கிவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. முதலில் போக்குவரத்து குறைந்தது, அப்புறம் கடிதம் நின்றது, அப்புறம் ஊர்ப் பெயரும் மறந்தது. அப்பாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே வரிதான்: “நாமதான் பெரிய வூடு.” எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வார். பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால்கூட.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கயல் மலை ஏறினாள். எங்கெங்கே தேடினாள் தெரியுமா? பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்று நில ஆவணங்கள். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. நடுகல் போட்டோக்கள். இதெல்லாம் படித்தவர்கள் தேடுகிற இடம். அவள் கண்டுபிடித்த பெரிய புதையல் வேறு... பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்களும். சித்தப்பா, மாமன், பங்காளி என்று ஒருவரையும் விடாமல் ஊரோடு சேர்த்துப் போடுகிற ஆவணம் உலகத்தில் வேறு எது? ஒரு பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும் என்பதால் பிழையே இருக்காது. அலமாரியில் மஞ்சள் பத்திரிகை வைத்திருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

அப்படி ஒரு பத்திரிகையை வைத்து விசாரித்து, மலை ஊர் ஒன்றில் வெள்ளையனின் இன்னொரு கிளையைக் கண்டுபிடித்தாள். அங்கே மூத்தவர் காளியம்மா. முறைக்கு எனக்கு அக்கா, கயலுக்குப் பெரியம்மா. நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பேசினார்கள். நிகழ்ச்சிக்கு வருவீர்களா என்று கயல் தயங்கித் தயங்கிக் கேட்க, அந்த அம்மா சொன்னாராம்: “கூப்புட ஆளு இல்லாமத்தான் வர்ல. இல்லாங்காட்டி வந்திருக்க மாட்டமா?”

அன்றைக்குக் கயல் நான்கு தோசை சாப்பிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காளியம்மா பதினொன்றரைக்குக் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கப்போகிறார். இறங்கியதும் முதலில் பார்ப்பது எதை? தன் வம்சத்துக்கு என் செலவில் நான் வைத்த பெயரை.

பத்து இருபதுக்கு நான் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கடைக்காரர் போனை எடுத்தார்.

“வேற ஃப்ளெக்ஸ் அடிச்சி பஸ்ல போட்டா சாயங்காலம் வந்துடும் மேடம்.”

“பதினொன்றரைக்கு வேணுங்க.”

“நான் அன்னிக்கே சிரிச்சனே மேடம். நீங்க ஏன் இன்னான்னு கேக்கல?”

நியாயமான கேள்வி. ஓடினேன். எதிரே மெடிக்கல் ஷாப். வெள்ளை பிளாஸ்டர் இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

கடைக்கார அம்மா பதறினார். “எவ்ளோ பெரிய காயங்க?”

“பத்துக்கு ஆறு.”

ஆறு சுருள் வாங்கினேன். வி.ஏ.ஓ. நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே ஏறி ஒவ்வொரு ‘வீ’ மேலும் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் மார்க்கரால் ‘வூ’ எழுதினேன். ஒன்பது இடம். என் கையெழுத்தோ மருத்துவச் சீட்டு மாதிரி இருக்கும். முடித்து இறங்கிப் பார்த்தால், குடும்ப மரம் ஆக்ஸிடென்ட்டில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. எனக்கு அந்த நேரத்தில் கட்டுக்கடங்காத சிரிப்பு வந்தது. பயம் முற்றினால் எனக்கு அப்படித்தான்.

“கவலப்படாதீங்க மேடம்” என்றார் வி.ஏ.ஓ. “கட்டுப் போடறதுக்கு முன்னாடியே போட்டோ சூப்பரா எடுத்துட்டேன். குரூப்ல போட்டாச்சி.”

“எந்த குரூப்?”

“நம்ம வரலாறு குரூப்பு, ரிட்டயர்டு குரூப்பு, அப்புறம் அந்த மலை ஊர்க்காரங்க குரூப்பு. ஒங்க சொந்தக்காரங்க அதுலதான கீறாங்க? சந்தோசப்படுவாங்கன்னு மொதல்ல அதுலதான் போட்டேன்.”

சிரிப்பு நின்றது.

பதினொன்றரை ஆயிற்று. வேன் வரவில்லை. பன்னிரண்டு. வரவில்லை. நடுகல் பற்றி மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லாக நான் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர்களை அழைத்து வர, ஃப்ளெக்ஸ் மாட்டும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்த கயல், பன்னிரண்டேகாலுக்குத் தனியாக உள்ளே வந்தாள்.

“அம்மா, அவங்க போன் எடுக்கல. கௌம்பிட்டோம்னு காலைல சொன்னாங்க. நடுவுல எதோ...” பேச்சை நிறுத்தினாள். ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டாள். “இன்னாம்மா இது?”

சொன்னேன். சிவப்பு வட்டத்திலிருந்து குரூப் வரை எதையும் மறைக்கவில்லை.

“ஒம்போது எடத்துலயுமா?”

“ஒண்ணுகூட விடல கயல்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தொட்டால்... சிரிக்கிறாள். “சின்ன வீடு – முப்பத்தோரு பேருன்னு போட்டிருக்கும்மா அதுல” என்று மூச்சுத் திணறச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். ஆறு மாதமாகப் பூட்டியிருந்த அறை திறந்துகொண்ட மாதிரி இருந்தது. எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியாது.

“அவங்க திரும்பிப் போய்ட்டாங்கம்மா. எனக்குத் தெரியும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வுடு. நான் பெங்களூருக்கே போய்டறேன். பழைய மேனேஜர் கூப்ட்டுக்கினுதான் இருக்காரு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு மாதமாக எத்தனை கோயில் படி ஏறியிருப்பேன். வந்துவிட்டது. வந்தபோது எனக்கு வேண்டாமாக இருந்தது. பிள்ளைகள் நாம் ஆசைப்பட்டதைச் செய்கிறேன் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்... அவ்வளவு காலியான முகத்தோடு அவள் எந்த ஊருக்கும் போக வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், ‘அப்போ நீ ஏன்மா வட்டம் போட்ட?’ என்று கேட்டிருப்பாள்.

ஒன்று ஐந்துக்கு வாசலில் மணிச் சத்தம் கேட்டது. குல்ஃபி வண்டிக்காரர் என்று நினைத்தேன்.

இல்லை. ஒரு மினி வேன். அதிலிருந்து பதினேழு பேர் இறங்கினார்கள். முன்னால் அறுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தார். நடக்க நடக்க அதுதான் ஒலித்தது. யாரையும் பார்க்காமல் நேராக ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

“இதுல கயலு யாரு?”

கயல் எழுந்து நின்றாள். அந்த அம்மா அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“மூக்கு எங்க மூக்குதான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “போன்ல இந்தப் படத்தப் பாத்தோம். பாதி மலைல வண்டியத் திருப்பச் சொல்ட்டேன்.”

“அக்கா, அது நான் பண்ண தப்பு. அவ மேல...”

“தப்புதான். சின்னத் தப்பில்ல.” பிளாஸ்டரை ஒரு விரலால் தொட்டார். “கட்டெல்லாம் போட்டிருக்கீங்க?”

“எழுத்து மாறிப்போச்சுக்கா. வீன்னு போட்டுட்டேன். வூன்னு...”

“வீயோ வூவோ, எழுத்து கெடக்குது. எடத்த இல்ல மாத்தி வச்சிருக்கீங்க?”

துண்டைப் பிரித்தார். உள்ளே கறுத்துப்போன வெண்கல மணி. மேசை மேல், பட்டாவுக்கும் அ-பதிவேட்டுக்கும் நடுவே வைத்தார். மண்டபமே ஒருமுறை அதிர்ந்தது.

“கொலசாமி மணி. இது பெரிய வூட்லதான் இருக்கும். எங்க தாத்தா காலத்துலேந்து எங்க வூட்டு விட்டத்துலதான் தொங்குது. வாயில சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் வண்டியத் திருப்பிப் போய் எடுத்தாந்தேன்.”

வி.ஏ.ஓ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு தன் பதிவேட்டை மூடி, மணிக்கு இடம் விட்டுத் தள்ளி வைத்தார்.

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். பஸ்ஸில் சீட் கிடைக்காத என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் கயல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், மறுபடி தோள் குலுங்க. காளியம்மா அக்கா என் கையைப் பிடித்தார். உரலைப் பிடித்தது போன்ற பிடி.

“பெரிய வூடு நாங்க, தங்கச்சி. நீங்கதான் சின்ன வூடு. ஆடித் திருநாளுக்குக் கொலசாமிக்குப் பொங்க வைக்கறப்ப மொத அடுப்பு எங்கது. அது பக்கத்துல ஒங்களுக்குன்னு மூணு கல்லு போட்டு, இத்தினி வருசமா பத்த வைக்காம வுட்டு வச்சிருக்கோம். வர்ற ஆடிக்குப் பானையோட வந்துடு.”